வாழையிலையில் மூன்று பீஸ் கட்டைகள்

பிற்பகல் மூன்று நாற்பதுக்கு அண்ணன் முதல் பீஸ் கட்டையைப் பிடுங்கினார். நாலரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும், அதற்குள் பூசை முடியுமா என்று அப்போதுதான் பட்டறைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். அதனால் நேரம் மனதில் நின்றுவிட்டது. மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, பலகையில் வரிசையாக இருந்த மூன்று வெள்ளைப் பீங்கான் கட்டைகளையும் ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தார். வேட்டி முனையால் தூசியைத் துடைத்தார். வாழையிலையில் ஸ்பானர்களுக்கும் சுத்தியலுக்கும் நடுவே அவற்றை வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் இட்டு, அதன்மேல் குங்குமம் வைத்தார். ஆயுத பூசை நாளில் ஆண்டுதோறும் அவர் செய்வதுதான். அந்த ஆண்டு பிடுங்கியதைத் திரும்பப் போட அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அந்தக் கட்டைகள் இப்போது என் மேசைமேல் இருக்கின்றன. பலகையை மாற்றி டிரிப் சுவிட்ச் வைத்தபோது மின்சார வேலைக்கு வந்தவர் அவற்றைக் குப்பையில் போடப் போனார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். பீங்கானின் ஓரப் பள்ளத்தில் சந்தனம் காய்ந்து வெடித்துப்போய் இன்னும் ஒட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். நானும் மறுப்பதில்லை.

பரமத்தி வேலூரில், கரும்பு லாரிகள் போகும் சாலையை ஒட்டி எங்கள் பட்டறை. முன்னால் தகரக் கூரையின் கீழ் லாரிக்குப் பாடி கட்டும் வேலை. பின்னால் நாங்கள் குடியிருக்கும் வீடு. இரண்டுக்கும் மின்சாரம் ஒரே பலகையிலிருந்துதான். இரும்பு கடையும் லேத் ஒன்றை மட்டும் வைத்து அப்பா தொடங்கிய இடம் அது. நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது ஓர் ஆயுத பூசை அன்று, காலையிலிருந்தே கரண்டு இல்லை. வேலை பாதியில் நின்றுபோன லேத்தின் சுவிட்ச் போட்டபடியே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அப்பா குனிந்து லேத்துக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தபோது கரண்டு வந்தது. தோளில் கிடந்த துண்டைத்தான் இயந்திரம் முதலில் பிடித்தது. அண்ணன் பக்கத்தில் கற்பூரத் தட்டோடு நின்றிருந்தார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. அதன் பிறகு அப்பா சில வாரங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார், வீடு திரும்பவில்லை.

பட்டறையை அண்ணன் எடுத்து நடத்தினார். என்னைப் படிக்க வைத்தார், கூட்டுறவுச் சங்கத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது ஊருக்கெல்லாம் சொல்லி மகிழ்ந்தார், எனக்குப் பெண் பார்த்தார். தனக்குப் பார்த்துக்கொள்ளவில்லை. கேட்டால், “பட்டறையக் கட்டிட்டுப் பொறவு இன்னொருத்தியையும் கட்டுனா சண்ட வந்துரும்” என்பார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது ஒரே விஷயத்தில்தான். இயந்திரத்தின்மேல் ஒருவன் கைவைத்திருக்கும்போது இன்னொருவன் சுவிட்ச் பக்கம் போனால் கையிலிருப்பதை வீசி எறிந்துவிடுவார். பூசை அன்று மெயினை இறக்கினால் மட்டும் போதாது என்பது அவர் கணக்கு. யாராவது தெரியாமல் ஏற்றிவிடலாம். கட்டையைப் பிடுங்கி, எல்லாரும் பார்க்கிற மாதிரி சாமி முன்னால் வைத்துவிட்டால் கரண்டு எந்த வழியாகவும் வர முடியாது. “கரண்டுக்குக் கண்ணும் இல்ல, காதும் இல்ல. கட்டை நம்ம கண்ணு முன்னால கெடக்கோணும்” என்பார். இன்னொன்றும் உண்டு: பிடுங்கியவர்தான் திரும்பப் போட வேண்டும். பூசை முடிந்து, சுண்டலும் பொரியும் கொடுத்து, எல்லாரையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுப் பலகையருகே போவார். “தள்ளி நில்லுங்க, நான் போடறேன்” என்பார். விளக்கு எரிந்ததும் அவர் தோள் தளர்வதை நான் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன்.

என் மகனைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களுக்கு அவன் ஒரே பிள்ளை. பொறியியல் முடித்துச் சென்னையில் வேலைக்குப் போனான். இரண்டாவது ஆண்டிலேயே தூக்கமில்லை, சாப்பிட முடியவில்லை என்றான். எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுதானே என்று இருந்தோம். அங்கே ஒரு நாள் அவன் செய்யத் துணிந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. அறையில் உடனிருந்தவன் நேரத்துக்கு வந்து கதவைத் தட்டியதால் எங்கள் பிள்ளை எங்களுக்கு மிஞ்சினான். ஊருக்கு அழைத்து வந்தோம். சேலத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். மாத்திரையில் தூக்கம் வந்தது. ஆனால் வீட்டு வாசலைத் தாண்ட முடியவில்லை. தெருவில் பஸ் ஹாரன் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வான். அவன் அம்மா இரவெல்லாம் அவன் அறைக் கதவோரம் பாயைப் போட்டுப் படுத்திருந்த மாதங்கள் அவை. நானும் அவளும் அவனைப் பற்றிப் பேசிக்கொள்வதைக்கூட நிறுத்திவிட்டிருந்தோம். பேசினால் நடந்துவிடும் என்று ஒரு பயம்.

அவனைத் திரும்பப் பேச வைத்தது ஒரு விளையாட்டு. கணினியில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதில் நமக்கு வேண்டிய சாலையை நாமே உருவாக்கிச் சேர்க்கலாமாம். எங்கள் வேலூரிலிருந்து பரமத்தி, கீரம்பூர் வழியாக நாமக்கல் போகும் டவுன் பஸ்ஸின் தடத்தை அவன் அப்படி உருவாக்கத் தொடங்கினான். வேலூர் பஸ் ஸ்டாண்டின் தூண்கள், வெற்றிலைக் கட்டுகள் ஏற்றும் இடம், வேகத்தடைகள், வளைவில் சாய்ந்து நிற்கும் விளக்குக் கம்பம் என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து செய்தான். நிஜ பஸ்ஸில் ஏற முடியாதவன் அந்தப் பஸ்ஸின் சாலையைப் போடுகிறான். எனக்கு முதலில் இன்னும் பயமாக இருந்தது. டாக்டர்தான், “விடுங்க, அவரு வெளிய வர்ற வழி அதுவா இருக்கலாம்” என்றார். அதிலிருந்து, அலுவலகம் விட்டு வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, “இன்னிக்கு எது வரைக்கும் போயிருக்கே?” என்பதுதான். “பரமத்தி தாண்டிட்டேம்ப்பா” என்று ஒரு நாள் சொன்னான். அன்று இரவு அவன் அம்மா தன் படுக்கையில் படுத்தாள்.

ஒரு நாள் அவனாகவே சொன்னான். “நாமக்கல் வந்து சேந்துட்டேன்னா, ஒரு நாள் நெஜ பஸ்லயே போய்ப் பாக்கறேம்ப்பா.” எங்கள் வாழ்க்கை அந்தச் சாலையின் நீளத்தில் வந்து நின்றது. அது நாமக்கல்லைத் தொட்டால் பிள்ளை பிழைத்துவிடுவான் என்று நான் நம்பினேன்.

வெளியே போக முடியாதவனுக்குச் சாலையின் படங்களை எடுத்து வந்து கொடுத்தவர் அண்ணன். தன் பச்சை மொபெட்டில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நிறுத்திப் போனில் படமெடுப்பார். பட்டறை வேலையைப் போட்டுவிட்டுப் போவார். மாலையில் அவன் அறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கணினியில் சாலையைப் பார்ப்பது வழக்கமாயிற்று. நான் பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

“ஏஞ்சாமி, பரமத்திக்கு அக்கட்ட ஒரு புளியமரம் நிக்குமே, அத உட்டுட்டியே?”

“அத வெட்டிட்டாங்களாமா பெரீப்பா. ஃபிரெண்டு சொன்னான்.”

“எவன் சொன்னான்? நேத்துத்தான அதுக்கடில நின்னு ஒண்ணுக்குப் போனேன்.”

“அதுக்குப் படம் இருக்குதுங்களா?”

“எதுக்குடா, மரத்துக்கா?”

இருவரும் சிரித்தார்கள். வீட்டில் அவன் சிரிப்பைக் கேட்டு ஓர் ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மறுநாள் காலையில் அண்ணன் போய் மரத்தைப் படமெடுத்து வந்து, வென்றவர்போல் காட்டினார். அடுத்த வாரம் அந்தச் சாலையில் புளியமரம் நின்றது. அதோடு, கீரம்பூர்ப் பக்கம் பஸ் போகும்போது எதிர்ப்புறத்தில் பச்சை மொபெட்டில் தலையில் துண்டு கட்டிய ஆள் ஒருவர் வந்தார். பஸ் ஹாரன் அடித்தால் அவர் கை காட்டுவார். அண்ணன் அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார். “என்ற வயித்தக் கொஞ்சம் கொறச்சுருக்கலாம் நீயி” என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கணினி பழையது. அவன் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது. புரட்டாசிக் கடைசியில் அதன் ஹார்டு டிஸ்க்கிலிருந்து, நகத்தால் தகரத்தைச் சுண்டுவதுபோல ஒரு சத்தம் வரத் தொடங்கியது. திறக்கவே வெகு நேரம் ஆயிற்று. டிஸ்க் போகப்போகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. சேலத்திலிருந்து எஸ்.எஸ்.டி. என்ற புது வகை டிஸ்க் ஒன்றைத் தருவித்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, கையில் எடுத்தால் கனமே இல்லை. அதை என்னிடம் காட்டி விளக்கினான். பழைய டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸையும் அவன் வேலையையும் அப்படியே தூக்கி இதில் வைக்க வேண்டும். வைத்துவிட்டால் கணினி கண்ணை மூடித் திறப்பதற்குள் எழுந்துவிடும். சிக்கல் ஒன்றுதான். பழையதில் இடம் பெரிது, புதியதில் சிறிது. முதலில் பழையதில் அங்கங்கே சிதறிக் கிடப்பதை எல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கி, அதன் அளவைச் சுருக்க வேண்டும். அதன் பிறகுதான் நகல்.

“ஒதுக்கறப்ப மட்டும் நிக்கக் கூடாதுப்பா. பாதியில நின்னா எது எங்க இருக்குன்னு அதுக்கே தெரியாது. பழசும் போயிரும், புதுசுலயும் இருக்காது.”

“மொதல்ல வேற எதுலயாவது ஒரு காப்பி எடுத்துக்கலாமில்ல?”

“அம்புட்டையும் வெக்க எடமில்லப்பா. இதத்தான் காப்பின்னு வாங்குனதே. இன்னும் நாள் போனா டிஸ்க்கே போயிரும்.”

ஆயுத பூசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. பட்டறையில் வேலை இல்லை, வெல்டிங் ஓடாது, மின்சாரம் ஏறி இறங்காது; அதனால் அன்றைக்கே செய்துவிடலாம் என்று அவன் தேர்ந்தெடுத்திருந்தான். பூசை ஆறு மணிக்கு என்று அண்ணன் சொல்லியிருந்தார். அதற்குள் சுருக்குவது முடிந்துவிடும், பூசை நேரத்தில் கணினியை அணைத்து வைத்துவிடலாம் என்பது அவன் திட்டம். காலையில் தொடங்கினான். அவன் எழுதி ஒட்டியிருந்த தாள் இன்றும் அந்தக் கதவில் இருக்கிறது: ‘அம்மா, சுவிட்சைத் தொடாதே.’

மூன்று மணிக்குப் புது லாரியின் சொந்தக்காரர் வந்தார். பாடி கட்டி முடித்து, பெயிண்ட் வாசம்கூடப் போகாத வண்டி. இரவே லோடு ஏற்ற வேண்டும், ராகு காலத்துக்கு முன்னால் பூசை போட்டு வண்டியைக் கிளப்பிக் கொடுங்கள் என்று அண்ணனிடம் கெஞ்சினார். அண்ணன் சரி என்றுவிட்டார். என் மனைவி இலை போட ஓடினாள். நான் தேங்காய், பூசணிக்காய் எடுத்து வைத்தேன். அண்ணன் வீட்டு வாசலில் நின்று உள்ளே குரல் கொடுத்தார். “சாமி, தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வா. இந்த வருசம் நீதான் கற்பூரம் காட்டோணும்.”

அவன் வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பட்டறையில் ஆட்கள் இருந்தார்கள், லாரிக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். ஆனால் “வாரேன் பெரீப்பா” என்று குரல் வந்தது, குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. என் மனைவி என்னைப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் அந்த நிமிடம் வேறெதுவும் நினைவில் இல்லை. பிள்ளை வாசலைத் தாண்டப்போகிறான், அவ்வளவுதான். கட்டைகளை முன்கூட்டியே பிடுங்கப்போகிறார் என்பதை அவனிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பூசை என்றால் பிடுங்குவது எங்களுக்கு விளக்கு ஏற்றுவதுபோல. அதைத் தனியாக யார் சொல்வார்கள்?

ஈரத் தலையோடு, வெள்ளை வேட்டியில் அவன் பட்டறைக்குள் வந்தபோது கட்டைகள் இலையில் இருந்தன. அவன் அங்கேயே நின்றான். பார்வை இலையிலிருந்து பலகைக்குப் போயிற்று. “பெரீப்பா, கரண்டு…” என்றான். அண்ணன் முகமெல்லாம் சிரிப்பாக, “பூசை முடிஞ்சதும் போட்டறலாம் சாமி, சித்த நேரந்தான்” என்று சொல்லிக் கற்பூரத் தட்டை அவன் கையில் கொடுத்தார். லாரிக்காரரின் மனைவி மணியை எடுத்து அடிக்க ஆரம்பித்தாள். அவன் ஏன் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இத்தனை பேர் முன்னால் பெரியப்பாவின் பூசையை நிறுத்த அவனால் முடியவில்லை. கணினிக்குக் கீழே இருக்கும் யு.பி.எஸ். கொஞ்ச நேரம் தாங்கும் என்று நினைத்திருப்பான். லேத்துக்கு, டிரில்லிங் மெஷினுக்கு, புது வண்டிக்கு என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். கை நடுங்கியது. கூட்டத்தைக் கண்ட நடுக்கம் என்று நான் நினைத்தேன். நடுங்கினாலும் நிற்கிறானே என்று மனது நிறைந்தது.

மணிச் சத்தத்தின் அடியில் விட்டுவிட்டு ஒரு பீப் ஒலி கேட்டது. நிஜமாகவே கேட்டது. லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது அடிக்கும் ஒலி அது; நாள் முழுவதும் எங்கள் காதில் விழுவது. வெளியே எவனோ வண்டியைப் பின்னால் எடுக்கிறான் என்று விட்டுவிட்டேன். மணி நின்றது. அந்தப் பீப் ஒலி கொஞ்ச நேரத்தில் விடாமல் ஒரே நீளமாக அலறத் தொடங்கியது. அவன் தட்டை இலையோரம் வைத்துவிட்டு ஓடினான். என்னவோ ஏதோ என்று நானும் பின்னால் ஓடினேன். அறைக்குள் நான் நுழைந்தபோது திரையில் ஒரு பச்சைக் கோடு, முக்கால்வாசி நிறைந்து நின்றது. அவன் கையை நீட்டினான். எதைத் தொடுவதற்கு என்று அவனுக்கே தெரிந்திருக்காது. திரை அணைந்தது. யு.பி.எஸ். சத்தமும் நின்றுவிட்டது.

அவன் அழவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, “முடிஞ்சுதுப்பா” என்றான். சென்னையிலிருந்து அழைத்து வந்த நாளில் ரயிலில் உட்கார்ந்திருந்தானே, அதே முகம். “இரு, பெரியப்பாவைக் கூட்டிட்டு வர்றேன், உடனே கட்டையைப் போடச் சொல்றேன்” என்று பட்டறைக்கு ஓடினேன். அங்கே வண்டிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனைத் தனியே இழுத்து விஷயத்தைச் சொல்ல எனக்குச் சில நிமிடங்கள் ஆயிற்று. அவருக்கு முதலில் புரியவில்லை.

“திருப்பிப் போட்டா வராதா?”

“வராதுங்ணா. நடுவுல நின்னுபோச்சு. சாலை பூராவும் போயிருச்சுங்கறான்.”

“நம்ம ரோடா?” என்றார். அவர் அப்படிக் கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது. குங்குமம் அப்பிய கையோடு என்னைத் தாண்டி வீட்டுக்குள் போனார். கணினியின் பக்கத் தகடு கழற்றிக் கிடந்தது. பழைய டிஸ்க் இருந்த இடத்தில் இரண்டு வயர்கள் தொங்கின. அவன் போன் மேசைமேல் இருந்தது. பின்கதவு திறந்திருந்தது. அவன் இல்லை.

பின்கதவுக்கு அந்தப் பக்கம் வாழைத் தோட்டம், அதற்கு அப்பால் வாய்க்கால், அதற்கும் அப்பால் காவிரி. நானும் அண்ணனும் பின்னாலேயே வந்த என் மனைவியும் ஒரே திசையைத்தான் பார்த்தோம். என் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் அவளிடம் குனிந்து, “ஒண்ணும் ஆவாது கண்ணு. நீ ஊட்டுலயே இரு. அவன் திரும்பி வந்தா வாசல்ல ஆள் இருக்கோணும்” என்றார். என்னை ஆற்றுப் பக்கம் போகச் சொன்னார். மொபெட்டை எடுத்தார். பாலத்தையும் மெயின் ரோட்டையும் தான் பார்ப்பதாகச் சொன்னார். கிளம்பும்போது பலகையையும் இலையையும் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். “வந்து போடறேன். யாரும் தொட வேண்டாம்” என்றார். லாரிக்காரர் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ஆற்றங்கரையில் நான் கூப்பிட்டுக்கொண்டு நடந்ததைப் பற்றி அதிகம் எழுத முடியாது. தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களிடம், வெள்ளை வேட்டி கட்டிய பையனைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஆயுத பூசை அன்று எல்லாப் பையன்களும் வெள்ளை வேட்டிதான் கட்டியிருந்தார்கள். படித்துறையில் கிடந்த ஒரு ஜோடிச் செருப்பு அவனுடையது இல்லை என்று தெரிந்துகொள்ளும்வரை அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெற்ற பிள்ளையின் செருப்பு எது என்பது அந்த நிமிடத்தில் மறந்துபோகும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அண்ணனுக்குப் போன் செய்தேன். முதலில் எடுத்தார். “பாலத்துல இல்ல சாமி. பஸ் ஸ்டாண்டுலயும் பாத்துட்டேன். நாமக்கல் ரோட்டுல போறேன்” என்றார். என்னைச் சாமி என்று அவர் கூப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அதன் பிறகு எடுக்கவில்லை.

லாரி ரிவர்ஸ் எடுக்கும் ஒலி கேட்டால் இன்றும் நான் எழுந்து நின்றுவிடுகிறேன். அலுவலகத்தில் இருந்தாலும், சாப்பாட்டின் நடுவில் இருந்தாலும் எழுந்துவிடுகிறேன். அந்தக் கணினி இப்போது புது எஸ்.எஸ்.டி.யில் ஓடுகிறது, சுவிட்சைப் போட்டால் மூச்சு விடுவதற்குள் திறந்துகொள்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. பழைய டிஸ்க்கைப் பிறகு சேலத்தில் கொடுத்துப் பார்த்தோம். கொஞ்சம் வானமும் ஒரு வேகத்தடையும் பாதிப் புளியமரமும் கிடைத்தன. அண்ணனின் போன் மொபெட்டின் முன்பையில் இருந்தது, உடையவில்லை. அவர் எடுத்த படங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். சாலையை மட்டுமே எடுப்பதாக அவர் நினைத்திருக்கிறார். பாதிக்கு மேற்பட்ட படங்களில் அவர் நிழலும் மொபெட்டின் நிழலும் தார்மேல் நீண்டு கிடக்கின்றன.

நான் வீடு திரும்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் சீரியல் விளக்கு எரிந்தது. எங்கள் வளாகத்தில் மட்டும் இருட்டு. பட்டறையில் சாமி படத்துக்கு முன்னால் ஏற்றிய அகல் மட்டும் மிச்சமிருந்தது. அதன் பக்கத்தில் வாழையிலை, அதன்மேல் மூன்று கட்டைகள். கட்டையைப் போட்டுவிடலாமே என்று எனக்கும் தோன்றியது. கை போகவில்லை. நானும் மனைவியும் வாசல்படியில் உட்கார்ந்தோம். போலீஸுக்குப் போகலாமா என்று கேட்டாள். அண்ணன் வந்துவிடட்டும் என்றேன். அவரை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தோம். அவர் வந்தால் பிள்ளையோடு வருவார், அல்லது என்ன செய்வது என்று அவராவது சொல்வார்.

ஏழரை மணி இருக்கும். சாலையில் ஆட்டோ ஒன்று நின்றது. இறங்கி நடந்து வந்தது எங்கள் பிள்ளை. என் மனைவி எழுந்து ஓடி அவனைக் கட்டிக்கொண்டாள். அவள் அழுதது எனக்குக் கேட்டது. அவன் கையில் டிஸ்க் சுற்றிய துண்டு இருந்தது. நாமக்கல்லில் ஒரு ரிப்பேர்க் கடைக்குப் பஸ்ஸில் போனானாம். கடை பூசை போட்டுச் சாத்தியிருந்ததாம். அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினானாம். பஸ்ஸிலா என்று நாங்கள் இருவரும் கேட்டோம். ஆமாம் என்று தலையசைத்தான். அப்போது வந்த நன்றியை எந்தச் சாமிக்குச் சொல்வது என்று தெரியாமல், “பெரியப்பா உன்னத் தேடிட்டு அலையறாங்கடா. போன் போட்டு வரச் சொல்லு” என்றேன்.

அவன் நேராகப் பட்டறைக்குள் போனான். நாங்கள் பின்னால் போனோம். அகல் வெளிச்சத்தில்தான் அவன் வேட்டியைப் பார்த்தேன். அதில் இருந்தது குங்குமம் இல்லை.

“இன்னும் கரண்டு போடலீங்களாப்பா?” என்றான்.

“பெரியப்பா வந்து போடறேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க.”

அவன் இலையின் முன்னால் போய் நின்றான். பிறகு குனிந்து கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தான்.

“கீரம்பூர்ப் பக்கத்துல எதுத்தாப்புல வந்தாங்கப்பா. தலைல துண்டு கட்டிட்டு. பஸ்ஸுல இருந்து கை காட்டுனேன். பாத்துட்டாங்க. சிரிச்சாங்க. அந்தச் சிரிப்போடவே வண்டியத் திருப்புனாங்க. பின்னால வந்த லாரிய அவங்க பாக்கல. நாமக்கல் ஆஸ்பத்திரில கடைசி வரைக்கும் நான் கூடத்தான் இருந்தேன். போன்ல சொல்ல வேண்டாம்னு வந்தேன்.”

என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் அவனை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தேன். அவன் அதற்குள் பலகைக்கு முன்னால் போய்விட்டிருந்தான்.

“தள்ளி நில்லுங்கப்பா,” என்றான். “நான் போடறேன்.”